பதில்: ஃபுளோரைடு தண்ணீர் வீடியோவை யாரும் முழுசாகப் பார்ப்பதில்லை

வணக்கம் நண்பரே. தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களின் ஃபுளோரைடு தண்ணீரைப் பற்றி (பல்லையும் எலும்பையும் கெடுக்கும் அளவுக்கு ஃபுளோரைடு உப்பு கலந்த நிலத்தடி நீர்) எடுத்த 12 நிமிட வீடியோவை யூடியூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றிலும் போட்டும் முதல் நிமிடத்திலேயே பலர் போய்விடுவதாக எழுதியிருந்தீர்கள். விஷயம் கனமானது, விட்டுவிடாதீர்கள். ஆனால் மூன்று இடத்துக்கும் ஒரே வீடியோ சரிவராது.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் ஒகேனக்கல் அருவிக் காட்சியோடு தொடங்காதீர்கள். உங்கள் வீடியோவில் வரும், முழங்கால் மடக்க முடியாத அந்தப் பாட்டி தன் பேச்சிலேயே சொல்வதுதான் முதல் நொடி. பஸ்ஸில் சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காகத் தமிழ் எழுத்து பெரிதாக ஓடட்டும். பிள்ளைகளின் கறைபட்ட பல்லைக் காட்டுவதானால் பெற்றோர் சம்மதம் வேண்டும், முகம் வேண்டாம்.

வாட்ஸ்அப்புக்கு ஒரே படம் போதும், ஆனால் அதில்தான் அதிகம் உழைக்க வேண்டும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை, அதன் கீழே அந்த ஊர் போர்வெல் தண்ணீரில் உள்ள அளவு. ஊர்ப்பெயரும் சோதித்த தேதியும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஃபார்வர்டு ஆகும்போது நீங்கள் தனியாக எழுதியது கழன்றுவிடலாம்.

யூடியூபில் நீளம் இருக்கலாம். காவிரித் தண்ணீரை இந்தப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிய பிறகும் இந்த ஊர் ஏன் போர்வெல் தண்ணீர் குடிக்கிறது? அந்தக் கேள்வியை முன்னால் கொண்டுவாருங்கள்.

குடிநீர் வடிகால் வாரிய ஆய்வக முடிவு இன்னும் கையில் இல்லையென்றால், அது வரும்வரை அந்த வாட்ஸ்அப் படத்தைப் போட வேண்டாம்.