வாகனப் பராமரிப்பு: கேள்வி – பதில்

கேள்வி: என் டீசல் எஸ்யூவிக்கு 15 வயதாகிறது. வாரந்தோறும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது. ஆனால், வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. ஒரு மெக்கானிக் கசிவை அடைக்கும் திரவத்தை ஊற்றச் சொல்கிறார். இன்னொருவர் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: பல சமயங்களில் முடியும். ஆனால், எங்கே கசிகிறது என்று தெரியாத நிலையில் இருவர் சொன்னதையும் செய்ய வேண்டாம். தரை காய்ந்திருப்பதால் கசிவே இல்லை என்று பொருளல்ல. ஓடும் இன்ஜினிலிருந்து வெளிவரும் கூலன்ட், சூடான உலோகத்தின் மேலேயே வற்றி, பச்சை அல்லது இளஞ்சிவப்புப் படிவை மட்டும் விட்டுச் செல்லும்.

காலையில், இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது, டார்ச் விளக்குடன் அந்தப் படிவைத் தேடுங்கள். ரேடியேட்டரின் மேல், கீழ் ஹோஸ்களின் (ரப்பர் குழாய்களின்) கிளிப் ஓரங்கள், ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். விசிறிக் காற்று திரவத்தைப் பின்பக்கம் தள்ளிவிடும் என்பதால், ஈரம் தெரியும் இடத்தோடு நிற்காமல் அதற்கு மேலேயும் முன்னேயும் தேட வேண்டும். கண்ணுக்கு எதுவும் படவில்லையென்றால், கையால் அழுத்தும் பிரஷர் டெஸ்டரை ரேடியேட்டர் வாயில் பொருத்தி, ரேடியேட்டர் மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு வரை மட்டும் (பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார்) காற்றேற்றிக் கால் மணி நேரம் விடுங்கள், முள் இறங்கினால் கசிவு உண்டு, இன்ஜின் குளிர்ந்திருப்பதால் அது ஆவியாகாமல் சொட்டாகவே தெரியும்.

அந்த மூடியையும் சந்தேகப்படுங்கள். சரிபாதி நீர் கலந்த கூலன்ட் திறந்த நிலையில் ஏறக்குறைய 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி தரும் அழுத்தத்தில் அது 125 டிகிரியைத் தாண்டும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் இறுகினாலோ, ஓட்டத்தின்போதே திரவம் ரிசர்வ் டேங்க் வழியாக வழிந்து சாலையிலேயே போய்விடும். வீட்டில் தடயமே இருக்காது. அதே அழுத்த அளவுள்ள புது மூடி ஒன்றை வாங்கிப் போடுவதுதான் இருப்பதிலேயே செலவு குறைந்த முதல் வேலை. இன்ஜின் சூடாக இருக்கும்போது எக்காரணம் கொண்டும் மூடியைத் திறக்காதீர்கள். பீறிடும் திரவம் முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

ஹோஸ்தான் காரணமென்றால் அதை நீங்களே மாற்றலாம். கூலன்ட்டை அகலமான பாத்திரத்தில் வடித்துவிட்டு, கிளிப்பைத் தளர்த்துங்கள். ஒட்டிக்கொண்ட பழைய ஹோஸை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால், வயதான ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து உடைந்துவிடும். மாறாக, பிளேடால் ஹோஸின் நீளவாக்கில் கழுத்தில் படாமல் கீறி, உரித்து எடுங்கள். கழுத்தைத் துடைத்துப் புது ஹோஸைச் செருகியபின், கழுத்தின் நுனியில் புடைத்திருக்கும் வளையத்துக்கு உட்புறமாகக் கிளிப் அமர வேண்டும். ஹோஸின் ரப்பர், கிளிப்பின் துளைகள் வழியே பிதுங்கினால் அளவுக்கு மீறி முடுக்கிவிட்டீர்கள் என்று அறியலாம்.

பிளாஸ்டிக் தொட்டியில் விரிசல் என்றால் எபாக்சி பசை நிலைக்காது. அப்போது ரேடியேட்டரை மாற்றச் சொன்னவர் சொல்வதே சரி. அடைப்புத் திரவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓட்டையை அடைக்கும் அதே துகள்கள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கக்கூடும்.

வெளியே எங்கும் கசிவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். ஹீட்டர் உள்ள வண்டியில் இனிப்பு வாடையும் நனைந்த தரைவிரிப்பும் ஹீட்டர் கோரில் (வண்டிக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டரில்) கசிவைக் காட்டும். சூடான பிறகும் நிற்காத வெண்புகை, பால் கலந்த காபியின் நிறத்தில் ஆயில், ரேடியேட்டரில் ஓயாத குமிழிகள் ஆகியவை ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) பழுதின் அறிகுறிகள். டீசல் வண்டியில் ஈஜிஆர் கூலர் (மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பப்படும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) இருந்தால் அதுவும் உள்ளுக்குள் கசியலாம். இவை வீட்டில் செய்யும் வேலைகள் அல்ல. வண்டியை ஓட்டாமல் பணிமனைக்கு இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: மறுபடி நிரப்பும்போது போர்வெல் தண்ணீர் போதாதா?
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: நடுவழியில் வேறு வழியில்லாதபோது ஊற்றலாம், வீட்டிலிருந்து நிரப்பும்போது கூடாது. கடின நீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படியும். துருவைத் தடுக்கும் மருந்தும் அதில் இல்லை. காய்ச்சி வடித்த நீரும் வாகனக் கையேடு குறிப்பிடும் வகைக் கூலன்ட்டும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என்று நம்ப வேண்டாம். நிரப்பியபின் காற்றை வெளியேற்ற, கையேட்டில் சொல்லியிருக்கும் முறைப்படி செய்து, மறுநாள் காலை அளவைப் பார்த்துக் குறைந்ததை நிரப்புங்கள். வடித்த பழைய கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகளும் வாயில் வைத்துவிடலாம். அதைச் சாக்கடையில் கொட்டாமல் மூடிய கேனில் ஊற்றி, என்னவென்று மேலே எழுதி, பழைய ஆயிலைச் சேகரிக்கும் பணிமனை ஏதேனும் பெற்றுக்கொள்ளுமா என்று கேட்டு ஒப்படையுங்கள்.