ஏப்ரலில் கோலாலம்பூரில் காலையில் சுட்டெரிக்கும் வெயில், மாலையில் இடிமழை. ஏன் இப்படி? முன்னறிவிப்பை நம்பலாமா?

மார்ச் கடைசியில் வடகிழக்குப் பருவக்காற்று ஓய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மே மத்தியில்தான் வலுப்பெறும். இடைப்பட்ட இந்த வாரங்களில் காற்று பலவீனம், திசையும் நிலையில்லை. மேகத்தை நகர்த்த ஆளில்லாததால் அது கிளம்பிய இடத்திலேயே கொட்டித் தீர்க்கிறது.

வெயிலில் தார்ச்சாலையும் கான்கிரீட்டும் கொதிக்கின்றன, ஈரக்காற்று மேலெழுகிறது. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் கடற்காற்று உள்ளே நுழைந்து அதை இன்னும் மேலே தள்ளுகிறது. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடரும் காற்றை மேலே ஏற்றுகிறது. இரண்டு மணிக்குள் காலிஃபிளவர் மாதிரி மேகம் எழும்பி, அடி கருத்துவிட்டால், கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடுங்கள்.

ஒரே நகருக்குள் செந்தூலில் வெள்ளம் ஓட, பிரிக்ஃபீல்ட்ஸில் சொட்டுகூட விழாமல் போகலாம். அதனால் கைபேசி வானிலைச் செயலி நாள் முழுக்கக் காட்டும் இடிப் படத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியாவின் இடிமழை எச்சரிக்கை அப்படியல்ல. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை நெருங்கும்போது வருவது அது. ஒருமுறை விடுத்தால் 6 மணி நேரத்துக்குள் முடியும். ரேடார் படத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

மின்னல் வெட்டும்போது மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் தயவுசெய்து கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள், மரத்தடி வேண்டாம்.