செர்மாட் வரை வாடகைக் காரில் போக முடியுமா? அந்த ரயில் நிலையத்தில் பார்க்க ஏதேனும் உண்டா?

ஜூலை மாதம் பெற்றோரை அழைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்து வருகிறீர்கள். மாட்டர்ஹார்ன் சிகரத்தின் அடிவாரத்தில் உள்ள செர்மாட் என்ற மலையூர் வரை வாடகைக் காரிலேயே போய்விடலாமா, ரயிலில்தான் போக வேண்டும் என்றால் அந்த நிலையத்தில் சற்று நேரம் செலவிடும்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பெர்ன் நகரில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களை இதுவரை பலமுறை செர்மாட்டுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன் என்பதால், அந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

கார் செர்மாட்டுக்குள் போகாது. அதற்கு 5 கிலோமீட்டர் முன்னால் உள்ள டேஷ் என்ற சிற்றூரோடு பொதுமக்களுக்கான சாலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் அனுமதிச் சீட்டு பெற்ற வண்டிகள் மட்டுமே செல்லலாம். டேஷில் ரயில் நிலையத்தோடு சேர்ந்தே 2,100 கார்கள் நிற்கக்கூடிய, கூரையுள்ள நிறுத்தம் இருக்கிறது. அங்கே காரை விட்டுவிட்டு ரயில் ஏறினால் 12 நிமிடத்தில் செர்மாட். பகல் வேளையில் 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி உண்டு. பெட்டிகளை அடுக்கிய தள்ளுவண்டியை அப்படியே ரயிலுக்குள் உருட்டிச் சென்று, மறுமுனையில் அப்படியே உருட்டி இறக்கலாம்; வயதானவர்களோடு வருபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அங்கே போய் இறங்கும்போது தெரியும்.

ஆனாலும், காரே வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. பெர்னிலிருந்து லோட்ஷ்பெர்க் அடிவாரச் சுரங்கம் வழியாக ஃபிஸ்ப் வரை ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், 34.6 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் 2007-இல் திறக்கப்பட்டது. ஃபிஸ்பில் இறங்கி மாட்டர்ஹார்ன் கோட்ஹார்ட் ரயில்வேயின் சிவப்பு வண்டிக்கு மாற வேண்டும். இது மீட்டர் கேஜ் பாதை. சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபிஸ்பிலிருந்து 1,605 மீட்டரில் இருக்கும் செர்மாட் நிலையம் வரை 35 கிலோமீட்டர் தூரத்தை ஏறக்குறைய ஒரு மணி பத்து நிமிடத்தில் கடக்கிறது. ஷ்டால்டன் என்ற ஊரைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு நெருங்கி, ஆறு கீழே எங்கேயோ இரைந்துகொண்டு ஓட, வண்டியின் சத்தம் திடீரென்று மாறும். தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்சட்டத்தை வண்டியின் பல்சக்கரம் கவ்விப் பிடித்து ஏறத் தொடங்கியதன் அடையாளம் அந்தச் சத்தம். மிகச் செங்குத்தான இடத்தில் 8 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரம் ஏறுகிறது. டேஷில் வந்து ஏறுபவர்களுக்கு இந்தப் பயணத்தின் பெரும்பகுதி கிடைப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

இந்தப் பாதை 1891 ஜூலை 18 அன்று செர்மாட் வரை திறக்கப்பட்டது. தொடக்கத்தில் கோடைக்காலத்தில் மட்டுமே வண்டி ஓடியது. பனிச்சரிவிலிருந்து பாதையைக் காக்கும் ஏற்பாடுகள் செய்த பிறகு, 1930-களில்தான் ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கியது. 1929-இல் மின்மயமாக்கினார்கள். 1930 ஜூன் 25 அன்று இங்கிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை கிளேசியர் எக்ஸ்பிரஸ் முதன்முதலாகப் புறப்பட்டது. இன்றும் 291 கிலோமீட்டரை ஏறக்குறைய 8 மணி நேரத்தில் நிதானமாகக் கடக்கும் அந்த வண்டிக்கு இதுவே மேற்கு முனை. அதில் செல்ல விரும்பினால் இருக்கையை முன்பதிவு செய்தே ஆக வேண்டும்.

நிலையத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டடத்தில் பெரிய அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் வாசலைத் தாண்டியதும் ஒரு நிமிடம் நின்று காதுகொடுத்துக் கேளுங்கள். மோட்டார் இரைச்சல் இல்லை. பெட்ரோல், டீசல் கார்களை உள்ளே விடுவதில்லை என்று ஊர் முடிவு செய்திருப்பதால், ஓட்டல்களுக்கு ஆளையும் பெட்டியையும் ஏற்றிச் செல்லப் பெட்டி போன்ற சிறிய மின்வண்டிகள் வாசலில் வரிசையாக நிற்கும். அவற்றில் பல உள்ளூர்ப் பட்டறைகளிலேயே செய்யப்பட்டவை. சில சமயம் குதிரை வண்டியும் வந்து நிற்கும். மின்வண்டி ஓசையில்லாமல் பின்னால் வந்துவிடும் என்பதால், பெற்றோரைத் தெருவின் ஓரமாகவே அழைத்துச் செல்லுங்கள்.

எதிர்ப்புறம், கோர்னர்கிராட் என்ற மலைமுகட்டுக்கு ஏறும் மலை ரயிலின் நிலையம். சில ஆண்டுகளுக்கு முன், குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தாய்மாமாவை அங்கே அழைத்துப் போனேன். எல்லோரும் மாட்டர்ஹார்ன் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க, அவர் நடைமேடை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, தண்டவாளங்களுக்கு நடுவே கிரீஸ் மின்னிய பல்சட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு வரிசை இருக்கு பாரு. ஒண்ணோட பல்லுக்கு நேரா இன்னொண்ணோட பள்ளம். நம்ம கல்லார் லைனும் இதேதான்” என்றார். அவர் சொன்னது சரி. ஃபிஸ்ப் பாதை, கோர்னர்கிராட் பாதை, நீலகிரி மலை ரயில் மூன்றுமே ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த முறையில் அமைந்தவை. மூன்றும் மீட்டர் கேஜ். கோர்னர்கிராட் 1898 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை அதற்கு அடுத்த ஆண்டு. பொன்மலைப் பணிமனையில் புது இன்ஜின்கள் செய்யப்படும் வரை நம் மலைப்பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறிய எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் கட்டப்பட்டவைதாம். அந்த ஊர்ப் பெயரை இன்ஜின் தகட்டில் தான் எத்தனையோ முறை துடைத்திருப்பதாகச் சொன்னபோது மாமாவின் குரல் தழுதழுத்தது.

பிறகு அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். ஒவ்வொரு பாதைக்கும் மேலே ஒரு மின்கம்பிக்குப் பதிலாக இரண்டு கம்பிகள் ஓடுகின்றன. மூன்று கட்ட (மும்முனை) மின்சாரத்தில் இரண்டு கட்டங்கள் அந்தக் கம்பிகளிலும் மூன்றாவது தண்டவாளத்திலும் வருகின்றன. தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை முறை மாறவில்லை. இறங்கும் வண்டி பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரம் திரும்பக் கம்பிக்கே போய், ஏறும் வண்டிக்குப் பயன்படுகிறது. குன்னூர் நிலையம் செர்மாட் நிலையத்தைவிட நூறு மீட்டர் உயரம் கூடுதல் என்று நான் சொன்னபோது, சுற்றிலும் பனி மூடிய சிகரங்களைப் பார்த்துவிட்டு அவர் நம்ப மறுத்தார்.

ஃபிஸ்பிலிருந்து வரும் அந்த ஒற்றைப் பாதையைத்தான் செர்மாட் முழுவதும் நம்பியிருக்கிறது. 1991 ஏப்ரலிலும் மே மாதத்திலும் பாதையில் உள்ள ராண்டா என்ற சிற்றூர் அருகே மலை சரிந்து, ஏறக்குறைய 3 கோடி கன மீட்டர் பாறை பள்ளத்தாக்கில் விழுந்தது. தண்டவாளம் புதைந்தது, ஆறு அடைபட்டு ராண்டாவுக்குள் நீர் ஏறியது, பாதையையே இடம் மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தால் ரயிலும் சாலையும் மூடப்பட்டு, சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் செர்மாட்டிலேயே தங்க நேர்ந்தது. சிலரை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். ஜூலையில் உங்களுக்குப் பனிச்சரிவுக் கவலை இல்லை. குளிர்காலத்தில் வருபவர்கள் மட்டும், திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாளைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டுப் பயணிகளுக்கான ரயில் பாஸான சுவிஸ் டிராவல் பாஸ் செர்மாட் வரை செல்லும். கோர்னர்கிராட்டுக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும், பாஸ் இருந்தால் கட்டணச் சலுகை உண்டு. மேல் நிலையம் 3,089 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 33 நிமிடத்தில் அவ்வளவு உயரம் ஏறுவதால், பெற்றோருக்கு இதயக் கோளாறோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு அழைத்துச் செல்லுங்கள். மலை ஏற வேண்டாம் என்று அவர்கள் சொன்னாலும் குறையில்லை. நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியாக மெல்ல நடந்து, தேவாலயத்தின் அருகே ஆற்றுப்பாலத்துக்குப் போனால் 4,478 மீட்டர் உயர மாட்டர்ஹார்ன் நேரெதிரே நிற்கும். விடியற்காலையில் போங்கள்; முதல் வெயில் சிகரத்தின் நுனியில் பட்டுக் கீழே இறங்கி வருவதைப் பாலத்தில் நின்றே பார்க்கலாம். அதற்கு முந்தைய இரவு அங்கே தங்கியிருக்க வேண்டும் என்பதால், அறையை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.