காற்றில் பேஸ் வாசிக்கிறவருக்கு

கேள்வி: தினமும் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறேன். ராக் பாட்டு கேட்கும்போது என் கை தானாகக் காற்றில் பேஸ் கிதார் வாசிக்க ஆரம்பித்துவிடுகிறது. "வாசிக்கிறதுதான் வாசிக்கிறாய், லீட் கிதார் வாசிக்கக் கூடாதா? பேஸ் யார் காதில் விழுகிறது?" என்று நண்பன் கேலி செய்கிறான். எனக்கு ரொம்பப் பிடித்தது 'செவன் நேஷன் ஆர்மி'. உங்களுக்குப் பிடித்த பாடல்கள் எவை?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: முதலில் உங்கள் நண்பருக்கு. உங்கள் ஊர் ராஜகோபால சுவாமி புறப்பாட்டில் தவிலுக்குப் பக்கத்தில் அவர் நின்றதே இல்லையா? தொப்பியில், அதாவது தவிலின் இடப்பக்கத்தில், குச்சி விழும்போது அந்த அடி காதோடு நிற்காது, வயிற்றுக்குள் இறங்கும். ராக்கில் அந்த வேலை தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதாருடையது. காதில் விழவில்லை என்றால் அவர் போன் ஸ்பீக்கரில் கேட்கிறார் என்று அர்த்தம். நாலு தந்தி பேஸில் தடித்த தந்தியின் அதிர்வு வினாடிக்குச் சுமார் 41. அந்த ஆழம் போன் ஸ்பீக்கரில் வராது. உங்கள் இயர்போனைக் கொஞ்ச நேரம் அவரிடம் கொடுங்கள்.

அடுத்து உங்களுக்கு. 'செவன் நேஷன் ஆர்மி' (2003) அருமையான பாட்டுதான், ஆனால் அதில் பேஸ் கிதாரே கிடையாது. அதை வாசித்த 'தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்' இரண்டே பேர் கொண்ட குழு: ஒருவர் கிதார், ஒருவர் டிரம்ஸ். ஜாக் ஒயிட் தன் கிதாரின் ஒலியை ஒலியை மாற்றும் ஒரு பெடல் (காலால் இயக்கும் கருவி) வழியாக ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசித்தது அது. பேஸில் மனசு வைத்தவர் பேஸ்காரர்களிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

என் முதல் தேர்வு குயீன் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' (1980). எழுதியவர் ஜான் டீக்கன், அந்தக் குழுவின் பேஸ்காரர். ஒரே சுரத்தில் மூன்று அடி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெற்றிடம். பாட்டின் உயிரே அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. அங்கே விரல் தந்தியை லேசாகத் தொட்டு அடக்க வேண்டும், ஒலி சட்டென்று அறுபட வேண்டும். காற்றில் வாசிக்கிற பலரும் அந்த இடத்திலும் கையை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். அது வாசிப்பு இல்லை, தலையாட்டலைக் கையால் செய்வது. கையை நிறுத்தத் தெரிந்துவிட்டால் நீங்கள் பேஸைக் கேட்கத் தொடங்கிவிட்டீர்கள்.

அப்புறம் பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' (1973). இதை எழுதியவரும் பேஸ்காரர்தான், ரோஜர் வாட்டர்ஸ். ஏழு எண்ணிக்கை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு மிஸ்ர சாபு தாளத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தகிட தகதிமி என்று அப்படியே அதன்மேல் போட்டுப் பார்க்காதீர்கள், அழுத்தம் விழும் இடங்கள் வேறு. கிதார் தனி ஆவர்த்தனம் (சோலோ) வரும்போது கணக்கு நாலுக்கு மாறும், முடிந்ததும் ஏழுக்குத் திரும்பும். வடுவூர் தாண்டுவதற்குள் அந்த இரண்டு திருப்பத்திலும் கை தடுமாறாமல் இருந்தால் சபாஷ்.

பீட்டில்ஸின் 'கம் டுகெதர்' (1969) இடக்கைக்கான பாட்டு. பால் மெக்கார்ட்னியின் சுரம் வழுக்கிக்கொண்டு மேலேறும்; விரலும் அதே மாதிரி வழுக்க வேண்டும், தாவக் கூடாது. தி ஹூ குழுவின் 'மை ஜெனரேஷன்' (1965) நண்பருக்காக. வழக்கமாக லீட் கிதாருக்குப் போகிற இடத்தில் ஜான் என்ட்விசில் பேஸில் தனி வாசிக்கிறார். அதைக் கேட்ட பிறகும் 'பேஸ் யார் காதில் விழுகிறது' என்று அவர் கேட்டால் எனக்கு எழுதுங்கள், அவருக்கே நேராகப் பதில் சொல்கிறேன்.