திடீர்ச் செலவுன்னு ஒண்ணு கிடையாது

வணக்கம் அம்மா,

உங்க எழுத்தை ரொம்ப நாளா படிக்கறேன். இது கதை பத்தின கடிதம் இல்லை, வீட்டுக் கணக்கு பத்தினது, தப்பா எடுத்துக்காதீங்க. நானும் கணவரும் வேலைக்குப் போறோம், ஒரு பையன். ரெண்டு வருஷமா கணக்கு எழுதறேன். முதல்ல நோட்டு, அப்புறம் எக்செல், இப்போ ஒரு ஆப். 50-30-20ன்னு பிரிச்சுப் பார்த்தேன், ஜப்பான்காரங்களோட ககேபோ முறையும் பார்த்தேன். எதுவும் மூணு மாசத்துக்கு மேல நிக்கலை. ஏதாவது ஒரு திடீர்ச் செலவு வந்து மொத்தத்தையும் கவுத்துடுது. போன மாசம் வண்டி இன்சூரன்ஸ், அதுக்கு முன்னாடி ஸ்கூல் ஃபீஸ், அதுக்கும் முன்னாடி வாஷிங் மெஷின் ரிப்பேர். கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு, பில்லுல குறைஞ்சபட்சமா கேக்கற மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு வர்றேன். உன் கையில காசே தங்காதுங்கறார் கணவர். நானும் முடிஞ்ச அளவு குறைச்சுட்டேன். டிரஸ் எடுக்கறதில்லை, ஃப்ரெண்ட்ஸோட வெளிய போறதில்லை, பஸ்ஸை விட்டுட்டு நடக்கறேன், கண்ணாடி பவர் மாறிடுச்சுன்னு டாக்டர் சொல்லியும் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு தள்ளிப் போட்டுட்டு இருக்கேன். மொபைல் சார்ஜரைக்கூட ப்ளக்குல விட்டு வைக்கறதில்லை. எந்த ஆப் நல்லா இருக்கும், இன்னும் எதைக் குறைக்கலாம்? பையனுக்கு பாக்கெட் மணி குடுக்கலாமா?

பெயர் வேண்டாம், ப்ளீஸ்.

---

அன்புள்ள வாசகிக்கு,

பெயர் போடலை, கவலைப்படாதீங்க. இந்த மாதிரி கடிதத்துக்கு நான் பொதுவா பதில் எழுதறதில்லை, நிதி ஆலோசனை சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. ஆனா "திடீர்ச் செலவு"ன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அதுல நின்னுட்டேன், ஏன்னா போன வாரம் பூரா எங்க அத்தையோட பழைய கணக்கு நோட்டுகளைப் புரட்டிட்டு இருந்தேன், அதுலயும் அதே வார்த்தைதான்.

முதல்ல சின்ன விஷயங்களை முடிச்சிடறேன். சார்ஜர். போன் மாட்டாம சும்மா ப்ளக்குல கிடக்கற இந்தக் காலத்து சார்ஜர் இழுக்கறது பெரும்பாலும் கால் வாட்டுக்கும் கீழ, வருஷம் பூரா அப்படியே விட்டாலும் ரெண்டு மூணு யூனிட்டுக்கு மேல தாண்டாது. 2000 வாட் கீசர் அரை மணி நேரம் தண்ணியைச் சூடு பண்ணினா ஒரு யூனிட் போச்சு. நீங்க வருஷம் பூரா குனிஞ்சு குனிஞ்சு பிடுங்கினதை வீட்ல யாரோ ஒருத்தர் கீசர் ஸ்விட்சை மறந்துட்டு ஒண்ணு ரெண்டு நாள்ல கரைச்சுடுவாங்க. அதனால சார்ஜரை விடுங்க. 50-30-20, அது அமெரிக்கால எலிசபெத் வாரனும் அவங்க மகளும் 2005ல எழுதின புத்தகத்தால பரவினது, கைக்கு வர்ற சம்பளத்துல பாதி தேவைக்கு, முப்பது ஆசைக்கு, இருபது சேமிப்புக்கு. நல்ல விதிதான், ஆனா வாடகையே பாதியைச் சாப்பிடற வீட்டுக்கு அது வெறும் குற்ற உணர்ச்சியை மட்டும்தான் குடுக்கும். ககேபோ, ஹானி மோதோகோங்கற ஜப்பான் பத்திரிகையாளர் 1904ல கொண்டு வந்த வீட்டுக் கணக்கு நோட்டு. வீடியோ போடறவங்க அதை என்னமோ ஜென் தியானம் மாதிரி காட்டறாங்க, அந்தம்மா சொன்னது சாதாரண விஷயம், செலவு பண்ணின பிறகு எழுதறது மட்டும் போதாது, முன்னாடியே இதுக்கு இவ்வளவுன்னு ஒதுக்கிட்டு அப்புறம் எழுது. அவ்வளவுதான்.

இப்ப அத்தைக்கு வர்றேன். அத்தை கூட்டுக்குடும்பத்துல மூத்த மருமக, சாவி அவங்க இடுப்புல, கணக்கு அவங்க கையில. நீள நோட்டு, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. ரெண்டு பக்கமும் சீவின பென்சில், ஒரு முனை நீலம் ஒரு முனை சிவப்பு, கடன்னா சிவப்பு. எழுத்து அவ்வளவு அழகு. ஒரு சின்னத் தொகை கணக்குல உதைச்சாலும் ராத்திரி தூங்க மாட்டாங்க, எங்களையெல்லாம் எழுப்பிக் கேப்பாங்க, யாருடா பென்சில் வாங்கினது, யாரு ஸ்டாம்ப் வாங்கினதுன்னு. அப்படிப்பட்ட மனுஷியோட நோட்டுல வருஷா வருஷம் அதே மாசத்துல ஒரு வரி வருது: "திடீர்ச் செலவு, பிள்ளைகள் பள்ளிக்கூடம்". அடுத்த வருஷம் அதே மாசம், அதே வரி. அதுக்கு அடுத்த வருஷமும். பள்ளிக்கூடம் தொறக்கறதுல என்ன திடீர் இருக்கு! பிள்ளை பொறந்த அன்னிக்கே தெரிஞ்ச செலவு அது. மழைக்கு முன்னாடி ஓடு மாத்தறது, அதுவும் "திடீர்". மாமாவோட சைக்கிளுக்கு டயர், "திடீர்". இது எதுலயும் அடங்காததெல்லாம் "இதர". சில மாசம் இந்த ரெண்டையும் கூட்டினா மளிகையைத் தாண்டிடுது. அந்த மாசங்கள்ல மட்டும் இடது பக்கத்துல, வரவுல, சிவப்புல ஒரு வரி: "என் வளையல்".

எல்லா நோட்டையும் பார்த்துட்டேன். மாமா பேர் இருக்கு, கொழுந்தன்மார் பேர் இருக்கு, எங்க எல்லார் பேரும் செலவுப் பக்கத்துல இருக்கு. அத்தை தன்னைப் பத்தி எழுதினது அந்த வரவுப் பக்கத்துல மட்டும்தான்.

உங்க கடிதத்தைத் திரும்ப ஒரு தடவை படிங்க. நீங்க சொன்ன மூணு "திடீர்"ல, இன்சூரன்ஸ் போன வருஷம் கட்டின அதே தேதிக்கு இந்த வருஷமும் வரும்னு அவங்களே பேப்பர்ல அச்சடிச்சுக் குடுத்திருக்காங்க. ஸ்கூல் ஃபீஸ் சொல்லவே வேணாம். வாஷிங் மெஷின் ரிப்பேர் எந்தத் தேதின்னு தெரியாது, ஒத்துக்கறேன், ஆனா மோட்டாரும் பெல்ட்டும் இருக்கற சாமான் வீட்ல நாலு இருந்தா வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு மக்கர் பண்ணும்னு தெரியும்ல? தேதி தெரியாதது வேற, வரும்னே தெரியாதது வேற. நிஜமாவே எதிர்பாராததுன்னா பெரிய வியாதி, விபத்து, வேலை போறது, இப்படி விரல்விட்டு எண்ணிடலாம். அதுக்குத் தனியா அவசர நிதி வேணும், அந்தப் பேச்சு வேற. மத்ததெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை தலை காட்டற சொந்தக்காரங்க மாதிரி, வந்தா மூஞ்சியைச் சுளிக்கலாம், வருவாங்கன்னே தெரியாதுன்னு சொல்லக் கூடாது.

இது உங்க புத்திக் குறைச்சல் இல்லை, எல்லாருக்கும் இருக்கற கோளாறு. அபிகேல் சஸ்மன், ஆடம் ஆல்டர்னு ரெண்டு பேர் 2012ல ஆராய்ச்சி பண்ணி எழுதினாங்க, தினப்படி செலவை ஜனங்க ஓரளவு சரியாவே கணிக்கறாங்க, எப்பவாவது வர்ற செலவுலதான் கோட்டை விடறாங்கன்னு. ஏன்னா ஒவ்வொண்ணையும் "இது இந்த ஒரு தடவைதான்"னு தனித்தனியா பார்க்கறோம். ஒரு மாசம் டயர், ஒரு மாசம் கல்யாணப் பரிசு, ஒரு மாசம் பல் டாக்டர், தனித்தனியா பார்த்தா எல்லாமே விதிவிலக்கு, சேர்த்துப் பார்த்தா விதிவிலக்கு இல்லாத மாசமே கிடையாது. "இந்த மாசம் கொஞ்சம் டைட்டு, அடுத்த மாசத்துலேர்ந்து சரியாயிடும்"னு நாம சொல்லிக்கறோமே, அந்த அடுத்த மாசம்னு ஒண்ணு வந்து நான் பார்த்ததே இல்லை.

சரி என்ன பண்ணணும். போன பன்னண்டு மாச பேங்க் ஸ்டேட்மெண்ட்டை எடுங்க, கார்டு ஸ்டேட்மெண்ட்டையும். மாசா மாசம் வர்றதையெல்லாம் அடிச்சுடுங்க, வாடகை, மளிகை, கரண்ட், போன். மிச்சம் நிக்கறதை எல்லாம், எவ்வளவு சின்னதா இருந்தாலும், ஒரு தாள்ல எழுதிக் கூட்டி பன்னண்டால வகுங்க. வர்ற தொகையைப் பார்த்து முதல்ல திட்டுவீங்க, திட்டிட்டு அதையும் கரண்ட் பில் மாதிரி ஒரு மாசாந்திர பில்லுன்னு வச்சுக்கங்க. சம்பளம் வந்த அன்னிக்கே அது வேற அக்கவுண்டுக்குப் போயிடணும், ஏடிஎம் கார்டு இல்லாத அக்கவுண்டா இருந்தா உத்தமம். எல்லாம் ஒரே காசுதானே, ஏன் தனி அக்கவுண்டுன்னு கேக்கலாம். 2017ல பொருளாதார நோபல் வாங்கின ரிச்சர்ட் தேலர் விளக்கினது இதைத்தான், மனுஷ மனசு எல்லாக் காசையும் ஒண்ணா பார்க்கறதில்லை, பேர் ஒட்டி வச்ச காசைத் தொட யோசிக்கும். அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல சிங்கிங் ஃபண்டுன்னு மாசா மாசம் பிடிக்கறாங்களே, லிஃப்ட் ஒரு நாள் மாத்த வேண்டி வரும், பில்டிங்குக்கு ஒரு நாள் பெயிண்ட் அடிக்க வேண்டி வரும்னு, அதேதான். பொது லிஃப்ட்டுக்குக் குடுக்கற மரியாதையை நம்ம வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் குடுக்கலாம், பத்து வருஷம் ஓடும்னா அதோட விலையை 120ஆ வகுத்து அந்தத் துளியையும் இந்தக் கணக்குல சேருங்க.

முதல் வருஷம் மட்டும் கஷ்டம், அதை யாரும் சொல்றதில்லை. பன்னண்டால வகுக்கறது பன்னண்டு மாசம் கையில இருந்தாத்தான் சரி, இன்சூரன்ஸ் ரெண்டு மாசத்துல வருதுன்னா அதை ரெண்டாலதான் வகுக்கணும். அதனால கிட்ட இருக்கற தேதியிலேர்ந்து ஆரம்பிங்க, எல்லாத்தையும் ஒரே மாசத்துல தூக்கிச் சுமக்காதீங்க. இன்னொரு லாபமும் உண்டு, ஆயுள் காப்பீட்டுல மாசத் தவணையா கட்டறதைவிட வருஷத்துக்கு ஒரே தடவையா கட்டினா பெரும்பாலும் மொத்தம் குறைவாத்தான் வரும், ஆனா அதுக்குக் கையில காசு இருக்கணும், அதைத்தான் இது குடுக்குது.

அந்த மினிமம் டியூ விவகாரத்துக்குத்தான் எனக்கு நிஜமாவே கோபம் வந்துச்சு. சார்ஜரைப் பிடுங்கற பொம்பளை கார்டு வட்டியை எப்படிம்மா பார்க்காம விட்டீங்க? மாசம் மூணரை சதவீதம்னு வச்சுக்கங்க, வருஷத்துக்கு 42, வட்டிக்கு வட்டி போட்டா 51ஐத் தொடும். போதாததுக்கு பழைய பாக்கி நிக்கற வரைக்கும் புதுசா தேய்க்கறதுக்கும் வட்டியில்லாத நாள்னு ஒண்ணு பொதுவா கிடைக்காது, வாங்கின அன்னிலேர்ந்தே ஓடும். பஸ்ஸை விட்டுட்டு நடந்து சேர்த்ததெல்லாம் நேரா அங்கதான் போகுது. கார்டை அலமாரியில வச்சுப் பூட்டுங்க, வட்டி கம்மியா வேற கடன் கிடைச்சா அதை வாங்கி இதை அடைங்க, கையில மிஞ்சறதுல பெரும்பங்கு இதுக்கே போகட்டும். ஆனா அடுத்து வரப்போற பில்லுக்கு மட்டும் கொஞ்சம் ஒதுக்கிடுங்க, இல்லைன்னா அந்தத் தேதி வந்ததும் அலமாரியைத் தொறப்பீங்க.

அப்புறம், இன்னும் எதைக் குறைக்கலாம்னு கேட்டீங்க. எதையும் குறைக்க வேண்டாம். நீங்க குறைச்சதா எழுதின லிஸ்ட்ல இருக்கறது மொத்தமும் உங்களோடதுதான். உங்க டிரஸ், உங்க ஃப்ரெண்ட்ஸ், உங்க பஸ், உங்க கண்ணு. ரெண்டு சம்பளம் வர்ற வீட்ல சிக்கனம் மட்டும் ஏன் ஒருத்தர் உடம்புலேர்ந்தே வருது? உங்க கணவர் எதை விட்டாருன்னு ஒரு வரிகூட இல்லையே, மறந்துட்டீங்களா, இல்லை எழுத ஒண்ணும் இல்லையா? கண்ணாடியை இந்த வாரமே போடுங்க, அடுத்த மாசம்னு இன்னொரு தடவை சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். பவர் தப்பான கண்ணாடியோட ரோட்ல நடக்கறது சேமிப்புன்னு யார் சொன்னது உங்களுக்கு? அந்த வருஷக் கணக்கு தாள்ல முதல் வரி அதுதான் இருக்கணும், "கண்ணாடி, எனக்கு".

அப்புறம் அந்தத் தாளை நீங்க எழுதாதீங்க. ஸ்டேட்மெண்ட்டை நீங்க படிங்க, பேனா அவர் கையில இருக்கட்டும். அவரே எழுதி, அவரே கூட்டி, அவரே வகுக்கட்டும். "உன் கையில காசே தங்காது"ன்னு சொல்ற ஆளுக்கு வருஷத்துக்கு எவ்வளவு காசு எந்தப் பக்கமா போகுதுன்னு தெரியாது, தெரிஞ்சவங்க அப்படிப் பேச மாட்டாங்க. சண்டை போடச் சொல்லலை. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், டிவியை அணைச்சுட்டு, பக்கத்துல உக்காருங்க, போதும். கூட்டி முடிச்சதும் அவர் மூஞ்சியைப் பார்க்க எனக்கே ஆசையா இருக்கு.

பையனுக்கு பாக்கெட் மணி குடுங்க, கொஞ்சமா, அதே தேதியில, எதுக்கு செலவு பண்ணினேன்னு குடையாம. தீர்ந்துட்டா நடுவுல மட்டும் குடுக்காதீங்க.

ஆப் எதுன்னு கேட்டிருந்தீங்க, இப்ப வச்சிருக்கறதே போதும். அதுல "இதர"ன்னு ஒரு தலைப்பு இருக்கும் பாருங்க, அதை டெலீட் பண்ணிடுங்க. டெலீட் ஆகாதுன்னு அடம் பிடிச்சா வேற ஆப் பாருங்க.

அன்புடன்.