கேளுங்கள், சொல்கிறேன்: நுரைச்சோலையை நிறுத்தினால் என்ன?

கேள்வி: 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைவென்று, ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணி வரைக்கும் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. அதற்குப் பதில் நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தை நிறுத்தியிருக்கலாமே? (கடைக்காரர், பரந்தன்)

தம்பி, கோபம் நியாயம்தான். ஆனால் அனல் நிலையத்தை நிறுத்துவது பெரிய வேலையில்லை. பொழுதுபட எல்லா வீட்டிலும் லைற் எரியும்போது அதைத் திரும்ப ஏற்றுவதுதான் வில்லங்கம். கிளிநொச்சிப் பக்கம் நெல் அவிக்கிற ஆலை எதற்காவது விடியப்புறம் போய்ப் பாருங்கள். இரவு முழுக்க ஆறிக் கிடந்த கொதிகலனில் ஆவி எழும்ப உமி அடுப்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது? நுரைச்சோலையில் ஆவியின் சூடு 500 பாகை செல்சியசுக்கு மேல், உருக்குச் சுவரும் அதற்கேற்ற தடிப்பு. அவசரப்பட்டுச் சூடேற்றினால் உட்பக்கம் விரிய வெளிப்பக்கம் பின்தங்கும். இழுபறியில் மயிரிழை வெடிப்பு விழும். அதனால், நன்றாக ஆறிய நிலையத்தை மணித்தியாலக் கணக்கில், மெல்ல மெல்லத்தான் ஏற்றுவார்கள்.

நான் வளைகுடாவில் கொதிகலன் பார்த்தவன். ஆவியில் சுற்றும் சுழலியை நிறுத்தினாலும் சும்மா விட மாட்டோம். மோட்டரைப் பூட்டி மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் விட்டால் சூட்டில் தண்டு வளைந்துவிடும். அந்த ஆமை வேகச் சுற்றலைப் பார்க்க இரவு முறை ஆள் ஒருத்தர் முழித்திருப்பார்.

2025 பெப்ரவரி 9 நினைவிருக்கும். பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாகச் சொன்ன அன்றைக்கு நாடே இருண்டது, நுரைச்சோலையும் விழுந்தது. மற்ற நிலையங்கள் எழும்பிய பிறகும் அது உடனே எழும்பவில்லை. அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு.

ஆகவே நிறுத்தாமல் உற்பத்தியைத் தணிப்பதுதான் வழி. பழைய வடிவமைப்புகள் பொதுவாகப் பாதிச் சுமைக்குக் கீழே இறங்க விரும்பாது. கரித்தூள் குறைந்தால் சுவாலை தள்ளாடும், அணையாமலிருக்க எண்ணெய் ஊற்ற வேண்டிவரும். சுவாலையைக் கவனிக்கும் கருவிகளை நல்லதாக மாற்றி, கரி அரைக்கும் ஆலைகளைச் சீர்செய்து, கட்டுப்பாட்டு முறையைத் திருத்தினால் இன்னும் இறங்கலாம். இந்தியாவில் 2023இல் இதற்கென்றே விதி வந்தது: முதலில் 55 வீதம், அப்புறம் படிப்படியாக 40.

எங்கள் கணக்கைப் பாருங்கள். நுரைச்சோலையின் 300 மெகாவாட் அலகு ஒன்றை 60 வீதத்தோடு நில்லாமல் 40 வீதத்துக்கு இறக்க முடிந்தால் சோலாருக்கு 60 மெகாவாட் இடம் கிடைக்கும். மூன்று அலகுக்கு 180. மன்னார் தம்பபவனி காற்றாலை முழு வேகத்தில் தருவதே 103.5தான்! இறங்கி ஓடினால் ஒரு யுனிற்றுக்கு எரியும் கரி கூடும், குழாய்கள் களைக்கும். இரண்டும் உண்மை. ஆனாலும் வெயிலை வீணாக்குவதைவிட இந்தச் செலவு மேல் என்பேன்.

கேள்வி: 2011இல் வந்ததை ஏன் பழசு என்கிறார்கள்? (உயர்தர மாணவி, மாங்குளம்)

முதல் அலகுதான் 2011, மற்ற இரண்டும் 2014இல் முடிந்தன. வருடத்தை மட்டும் எண்ணாதே, மகள். எத்தனை தரம் ஆறிச் சூடேறியது என்பதையும் எண்ணு. ஒரே சுமையில் ஓடும் நிலையம் மெதுவாகத்தான் கிழடாகும். தினமும் ஏற்றி இறக்கினால் உருக்கு சீக்கிரம் சோரும். அதனால்தான் தணித்து ஓட்டச் சொல்கிறேன், தினம் நிறுத்தி எழுப்பச் சொல்லவில்லை.

கேள்வி: கூரையில் சோலார், வெளியே நல்ல வெயில். பெப்ரவரி 9 எங்கள் வீடு மட்டும் ஏன் இருட்டு? (முள்ளியவளை)

உங்கள் வீடு மட்டுமில்லை, எல்லா வீடும்தான். சாதாரண இன்வேட்டர் லைனில் கரண்ட் இருந்தால்தான் ஓடும். லைன் செத்ததும் தானும் நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவருக்கு உங்கள் கூரை கரண்ட் அடிக்கும். மின்வெட்டிலும் பிறிட்ஜ் ஓட வேண்டுமென்றால் பற்றரியோடு வரும் ஹைபிரிட் வகை வேண்டும். வாங்குமுன் விலையைக் கேட்டுவிட்டு ஒருநாள் ஆறுதலாக யோசியுங்கள்.