கியூபாவில் ஒரு சுருட்டு – கடிதம்

வணக்கம் ஐயா,

வருகிற பெப்ரவரியில் நானும் மனைவியும் ஒரு கிழமை கியூபா போகிறோம். வரதேரோ கடற்கரையில் சாப்பாடு, குடி எல்லாம் சேர்த்துக் கட்டிய விடுதி. இங்கே கனடாவில், ஸ்கார்பரோவில் பனிக்காலம் வந்தால் பாதிச் சனம் அங்கேதான் நிற்கும். என் அம்மப்பா யாழ்ப்பாணத்தில் பின்னேரங்களில் சாய்மனைக் கதிரையில் இருந்து கோடா என்கிற இனிப்புப் பாகு போட்ட சுருட்டுப் பத்துவார். அந்த மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. நான் ஒருநாளும் சுருட்டுப் பிடித்ததில்லை. அறுபது வயதாகப் போகிறது, கடற்கரையில் கால் நீட்டிப் படுத்தபடி நல்ல ஹவானா சுருட்டு ஒன்று பிடிக்க ஆசை. உங்கள் கியூபாப் பயணக் கட்டுரையில் சுருட்டை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எதை வாங்குவது, எப்படிப் பிடிப்பது? ‘பக்கத்தில் இருக்க மாட்டேன்’ என்கிறார் மனைவி. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ந.
ஸ்கார்பரோ

*

அன்புள்ள ந.,

ஒரே வரியில் தாண்டியதற்குக் காரணம் வெட்கம்தான். பழைய ஹவானாவின் தெருமுனை ஒன்றில், இஸ்திரி போட்ட சட்டையோடு நின்ற ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் மைத்துனர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாராம், தொழிலாளர்களுக்குக் கிடைக்கும் பங்காம், மலிவு விற்பனை இன்றோடு சரியாம். இரண்டாம் மாடியில் ஒரு கட்டிலுக்கு அடியிலிருந்து கோஹிபா என்ற பேர்பெற்ற சுருட்டின் பெட்டி வெளியே வந்தது. சுருட்டைச் சுற்றி மஞ்சள் காகிதப் பட்டி, பெட்டியில் அரசு முத்திரை, எல்லாம் கச்சிதம். சென்னைக்கு வந்து நண்பர்களோடு மொட்டை மாடியில் ஒன்றைப் பற்றவைத்தால் பழைய செய்தித்தாள் எரிகிற வாசனை. பிளேடால் கீறிப் பார்த்தோம். உள்ளே முழு இலை ஒன்றுகூட இல்லை. வெறும் தூள், நடுவே ஒரு காய்ந்த நரம்பு. அது வாழைச்சருகு என்று ஒரு நண்பர் இன்றுவரை சாதிக்கிறார்.

பிறகுதான் தெரிந்தது, ஹவானாவில் எல்லோருக்கும் ஒரு மைத்துனர் தொழிற்சாலையில் இருக்கிறார். கடற்கரையிலும் வருவார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பட்டி போட்ட சுருட்டு வேண்டுமென்றால் ‘லா காசா தெல் ஹபானோ’ என்ற பலகை வைத்த கடைக்கே போங்கள். 2022இல் கோஹிபாவின் விலையை உலகம் முழுக்க ஒரே அளவுக்கு ஏற்றிவிட்டார்கள். கியூபாவில் வாங்கினால் மலிவு என்பது பழைய கதை. மலிவாக ஒரு கோஹிபா கிடைக்கிறதென்றால் அது கோஹிபா இல்லை.

ஆனால் நான் உங்களை அந்தக் கடைக்கும் அனுப்பப்போவதில்லை. கடற்கரை ஆசையையும் விட்டுவிடுங்கள். சுருட்டுக்குக் கடற்காற்று ஆகாது. காற்றுப்படும் பக்கம் மட்டும் வேகமாக எரிந்து, மறுபக்கம் குடைந்த தோணி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அணைந்துவிடுமோ என்று அடிக்கடி இழுப்பீர்கள், சூடேறிக் கசக்கும். மணமோ மூக்குக்கு எட்டும் முன்பே பக்கத்து நாற்காலிக்காரரிடம் போய்விடும். விளம்பரப் படத்தில் அழகாகத்தான் இருக்கும், அதற்கென்ன.

ஒரு வாரத்தில் இரண்டு நாளை ஒதுக்கிக்கொண்டு வின்யாலெஸ் போய் வாருங்கள். ஹவானாவுக்கு மேற்கே, பினார் தெல் ரியோ மாகாணத்தில் இருக்கும் பள்ளத்தாக்கு. வரதேரோ இருப்பது ஹவானாவுக்குக் கிழக்கே. நடுவில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் போய்த் திரும்பும் சுற்றுலாவும் உண்டு, பேருந்தில் உட்கார்ந்தே இடுப்பு ஒடிந்துவிடும். ஏதாவது ஒரு வீட்டில் அறை எடுத்து ஓரிரவு தங்குங்கள். பெப்ரவரி அறுவடைக் காலம், உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்.

நான் போனது ஒரு சின்னத் தோட்டம். எங்கள் பக்கத்துத் தேரிக்காடு போலச் சிவந்த மண். கிட்டத்தட்டத் தரையைத் தொடும் ஓலைக் கூரையோடு உலர்த்தும் குடில். உள்ளே நுழைந்தால் இருட்டு. கண் பழகியதும் தலைக்கு மேலே கம்பு கம்பாகத் தொங்கும் இலைகள் தெரியும், கீழே பச்சை, மேலே போகப் போக மஞ்சள், பிறகு பழுப்பு. 2022 செப்டம்பரில் இயன் புயல் இந்த மாகாணத்தின் வழியாகத்தான் கரையேறியது. ஆயிரக்கணக்கில் குடில்கள் விழுந்தன.

அந்த விவசாயிக்கு என் வயதுதான் இருக்கும். விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கு அரசுக்கு, மிச்சம் ஒரு பங்கு அவருக்கு. அதிலிருந்து சில இலைகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். நடு நரம்பை நுனியில் பிடித்து ஒரே இழுப்பில் உருவினார், நம்மூரில் முருங்கைக் கீரை உருவுகிற லாகவம். செடியின் உச்சியில் வெயில் தின்று வளர்ந்த இலைக்குக் காரம் அதிகம், மெதுவாக எரியும், அதனால் அது நடுவில். இடைப்பகுதி இலை மணத்துக்கு. அடி இலை தீ நன்றாகப் பிடிக்க. மூன்றையும் கொசுவி மடித்து, ஓர் இலையைச் சுற்றி, அதற்குமேல் பட்டுப் போன்ற மெல்லிய இலையைச் சாய்வாகச் சுற்றினார். பிறை வடிவக் கத்தியால் ஓரத்தை நறுக்கி, வாய்ப்பக்கத்தைத் தேனில் தொட்டு என்னிடம் நீட்டினார். பட்டி இல்லை, பெயரும் இல்லை.

தேனைப் பார்த்ததும் உங்கள் அம்மப்பாவின் கோடா நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தத் தேன் நினைவுக்கு வந்தது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி, நமக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். பதிலுக்கு நம்மிடமிருந்து ‘சுருட்டு’ என்ற சொல்லை எடுத்துப்போனார்கள். அவர்கள் வாயில் அது ‘சருத்து’, வெள்ளைக்காரன் வாயில் ‘ஷெரூட்’. ஆகவே அங்கே போய்ப் பட்டிக்காட்டான் மாதிரி விழிக்க வேண்டாம்.

நரம்பை எடுத்துவிட்டால் நிகோடின் எல்லாம் போய்விடும் என்று அங்கே சொல்வார்கள். நம்பாதீர்கள், அது இலையிலும் நிறையவே இருக்கிறது. வெறும் வயிற்றில் பற்றவைக்காதீர்கள். நான் பற்றவைத்தேன். பத்தாவது நிமிடம் குளிர்ந்து வியர்த்து, தலை சுற்றி, விவசாயியின் மனைவி கொடுத்த கரும்புச் சாற்றில்தான் நிமிர்ந்தேன். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். வாய்ப்பக்கத்து மூடியில் நூலளவு மட்டும் நறுக்குங்கள். தீயில் நுழைக்காமல், சற்று மேலே பிடித்துச் சுற்றிச் சுற்றி வாட்டுங்கள், பப்படம் சுடுவது போல. புகை வாயோடு சரி, நெஞ்சுக்குள் போகக் கூடாது. நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். சாம்பலைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள், கனம் தாங்காமல் தானே விழும். கடைசி மூன்றில் ஒரு பங்கு கசக்கத் தொடங்கும். காசு கொடுத்ததாயிற்றே என்று இழுக்காமல் கீழே வையுங்கள், தானாக அணையும். வாயோடு நிறுத்தினாலும் வாய்க்கும் தொண்டைக்கும் கெடுதல் கெடுதல்தான். பெட்டி கணக்கில் வாங்க வேண்டாம், ஒன்றிரண்டு போதும்.

ஒரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் என்னால் முடியாது. ஹவானா சுருட்டுத் தொழிற்சாலைகளில் வரிசையாக உட்கார்ந்து சுருட்டுபவர்களுக்கு முன்னால் மேடையில் ஒருவர் அமர்ந்து உரக்க வாசிப்பார். முதலில் செய்தித்தாள், அப்புறம் நாவல். 1865இல் ஆரம்பித்த வழக்கம். அவருக்குக் கூலியைத் தொழிலாளர்களே தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள், எந்த நாவல் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். அடுத்த ஆண்டே, அப்போது கியூபாவை ஆண்ட ஸ்பானிய அரசு தடை போட்டது. பயம் இருக்காதா பின்னே! தடை நிலைக்கவில்லை, வாசிப்பு நிலைத்தது. மோன்டே கிறிஸ்டோ என்ற சுருட்டின் பெயர் அப்படி விரும்பிக் கேட்ட நாவலிலிருந்து வந்தது என்கிறார்கள். கண்ணூரில் பீடி சுற்றும் இடங்களிலும் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும் வழக்கம் இருந்தது. எழுத்தை நம்பிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை. தம் கூலியில் பிடித்துக் கொடுத்துக் கதை கேட்ட வாசகர்கள்!

சரி, உங்கள் மனைவி விஷயம். வின்யாலெஸில் எந்த வீட்டுக்குப் போனாலும் முன்னால் நம் திண்ணை மாதிரி ஒரு தாழ்வாரம், அதில் இரண்டு ஆடும் நாற்காலிகள். சாயங்காலம் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்து நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்